என் காலடி மண்

நேற்றுக் காலை நடை முடிந்து திருநகர்ப் பூங்காவின் சிமெண்டு பெஞ்சில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தோமே, அப்போது நம்மில் ஒருத்தி தன் மகன் வீட்டுப் பையனைப் பற்றிச் சொன்னாள். ஆனையூரில் இரண்டாம் வகுப்புப் படிக்கிறான், ஏழாம் வகுப்புக் கணக்கைச் சர்வசாதாரணமாகப் போடுகிறான், பள்ளிக்கூடத்தில் மேல் வகுப்புக்கு மாற்ற முடியாது என்று கறாராகச் சொல்லிவிட்டார்கள், என்ன செய்யலாம் என்று கேட்டாள். ஆளுக்கொரு யோசனை சொன்னீர்கள். ஆன்லைன் வகுப்பில் சேர்க்கலாம் என்றாள் ஒருத்தி. பள்ளிக்கூடத்தையே மாற்று என்றாள் இன்னொருத்தி. நான் மட்டும் சர்க்கரை மாத்திரை போட நேரமாகிவிட்டது என்று எழுந்து வந்துவிட்டேன். மாத்திரையை வீட்டிலேயே போட்டுவிட்டுத்தான் நடக்க வந்திருந்தேன்.

எனக்குக் கேட்கத் தோன்றியது ஒன்றே ஒன்றுதான். அந்தப் பையனுக்கு அக்காவோ அண்ணனோ இருக்கிறார்களா? அதை வாய்விட்டுக் கேட்டிருந்தால் ஏன் கேட்கிறாய் என்று நீங்கள் திருப்பிக் கேட்டிருப்பீர்கள். பெஞ்சில் உட்கார்ந்து சொல்லக்கூடிய விஷயமில்லை அது. எழுதிவிடுகிறேன், படித்துக்கொள்ளுங்கள். நான் நல்லவள் என்று உங்களில் சிலர் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். அந்த எண்ணத்தை முதலிலேயே கழற்றி வைத்துவிடுங்கள்.

அப்போது எனக்குப் பத்து வயது, ஐந்தாம் வகுப்பு. என் தங்கைக்கு ஏழு, இரண்டாம் வகுப்பு. இரண்டு பேருக்கும் ஒரே பள்ளிக்கூடம். ஓட்டுக் கூரை போட்ட நீளக் கட்டடம், நடுவில் மணல் முற்றம், ஒரு வேப்பமரம், ஒரு தண்ணீர்த் தொட்டி. ஒரு வகுப்புக்கும் அடுத்த வகுப்புக்கும் இடையே பாதி உயரத்துக்குத் தட்டிதான். மூன்றாம் வகுப்பில் அடி விழுந்தால் நான்காம் வகுப்பில் இருப்பவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

அப்பா பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர். எந்த பஸ் எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை மணிக்குக் கிளம்பியது என்று குறித்து, லேட்டாக வந்த டிரைவரிடம் சண்டை போடுவது அவர் வேலை. பழசாகிப்போன டைமிங் தாள்களைக் கட்டாக வீட்டுக்குக் கொண்டுவருவார். பின்பக்கம் வெள்ளையாக இருக்கும், நாங்கள் எழுதிப் பழகலாம். முன்பக்கம் முழுக்க நேரங்கள். அந்தத் தாளில் கார்பன் நீலம் ஒட்டியிருக்கும், தொட்டால் விரலில் வரும், விரலை மோந்து பார்த்தால் மண்ணெண்ணெய் மாதிரி ஒரு வாசனை. நான் பின்பக்கத்தில் கோலம் வரைவேன். என் தங்கை முன்பக்கத்தைப் படிப்பாள். மற்ற பிள்ளைகள் படக்கதை படிப்பதைப் போல வயிற்றில் படுத்துக்கொண்டு, காலை ஆட்டிக்கொண்டு, பஸ் நேரம் படிப்பாள்.

ஒருநாள் சாயங்காலம் அப்பா கடலை உரித்துக்கொண்டே என்னிடம் ஒரு கணக்குக் கேட்டார். ஒரு ரூட்டில் பன்னிரண்டு நிமிஷத்துக்கு ஒரு பஸ், இன்னொரு ரூட்டில் பதினெட்டு நிமிஷத்துக்கு ஒரு பஸ். ஆறு மணிக்கு இரண்டும் சேர்ந்து கிளம்பினால், மறுபடி எப்போது சேர்ந்து கிளம்பும்? மீச்சிறு பொது மடங்கு. அந்த வாரம்தான் பள்ளிக்கூடத்தில் அதற்காகக் கையை நீட்டி இரண்டு அடி வாங்கியிருந்தேன். நான் விரலை மடக்கிக்கொண்டிருக்கும்போதே தரையிலிருந்து குரல் வந்தது.

"ஆறு முப்பத்தாறு. அப்புறம் ஏழு பன்னெண்டு. அப்புறம் ஏழு நாப்பத்தெட்டு."

அப்பா கடலையைக் கீழே வைத்தார். "எப்படிறா கண்ணு?" என்றார். அதுவரை அந்த வீட்டில் கண்ணு என்றால் நான்தான். அவள் பாப்பா.

அப்பாவின் சைக்கிளில் முன்பாரில் ஒரு குட்டி சீட்டு மாட்டியிருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களைத் திருப்பரங்குன்றத்துக்கு ஏற்றிக்கொண்டு போவார். குட்டி சீட்டில் நான், பின் கேரியரில் தங்கை. பத்து வயதுப் பெண்ணுக்கு அந்தச் சீட்டு ரொம்பச் சின்னது, முழங்கால் ஹேண்டில்பாரில் இடிக்கும். இருந்தாலும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. அப்பாவின் மோவாய் என் தலைக்கு மேலே இருக்கும், அவர் பேசினால் என் உச்சந்தலையில் அதிரும். கடலைச் சாயங்காலத்துக்கு அடுத்த ஞாயிறு, "நீ பின்னாடி உக்காருத்தா, பாப்பாகிட்டக் கணக்குக் கேட்டுக்கிட்டே போவோம்" என்றார். அன்றிலிருந்து எனக்குத் தெரிந்ததெல்லாம் அவர் சட்டை முதுகில் வியர்வை விரிவதுதான். முன்னால் இரண்டு பேரும் சிரிப்பார்கள். என்ன சிரிப்பு என்று கேட்டால், "ஒண்ணுமில்ல, ஒரு கணக்கு" என்பார்.

பள்ளிக்கூடத்தில் அவளுக்கு வேறு கதை நடந்துகொண்டிருந்தது. சின்ன எண்ணிலிருந்து பெரிய எண்ணைக் கழிக்க முடியாது என்று இரண்டாம் வகுப்பு டீச்சர் சொல்லியிருக்கிறார். இவள் எழுந்து, "கழிக்கலாம் டீச்சர், பூஜ்யத்துக்கு அந்தப் பக்கம் போயிரும்" என்றிருக்கிறாள். பூஜ்யத்துக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று டீச்சர் கேட்க, "இந்தப் பக்கம் இருக்கறதுதான், பஸ் ரிவர்ஸ்ல போற மாதிரி" என்றிருக்கிறாள். டீச்சர் அவளைப் பெஞ்சின் மேல் ஏற்றிவிட்டார். அதிலிருந்து வாரத்துக்கு இரண்டு நாளாவது அவள் பெஞ்சின் மேல் நின்றாள். தட்டிக்கு மேலே அவள் தலை மட்டும் தெரியும். அதைப் பார்க்க எனக்குப் பிடித்திருந்தது. அதையும் சொல்லித்தானே ஆக வேண்டும்.

அப்பா லீவு போட்டுவிட்டுத் தலைமையாசிரியையைப் பார்க்க வந்தார். அவரை நாங்கள் பெரிய டீச்சர் என்போம். கனத்த கண்ணாடி, மடிப்புக் கலையாத வாயில் சேலை. என்னையும் கூடவே நிறுத்திக்கொண்டார் அப்பா, ஏனென்று தெரியவில்லை.

"டபுள் புரமோசன் போட்டு நாலாப்புல வைங்க டீச்சர். புள்ள ரெண்டாப்புல உக்காந்து வீணாப் போவுது."

"அதெல்லாம் முடியாதுங்க. வயசு பத்தாது. கணக்குத்தான் வருது, கையெழுத்தப் பாருங்க, கோழி கிண்டுன மாதிரி இருக்கு. தமிழ்ல ஒரு வாக்கியம் ஒழுங்கா எழுத வரல."

"அது வந்துரும் டீச்சர்."

"வரட்டும். வந்த பெறகு பாப்போம். இன்னொண்ணும் யோசிங்க. இன்னைக்கு நாலாப்பு கேப்பீங்க, அடுத்த வருசம் ஆறாப்பு கேப்பீங்க. இந்தா நிக்கிறாளே பெரியவ, இவ என்னத்துக்கு ஆவா?"

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் அங்கே நிற்பதே அப்போதுதான் நினைவுக்கு வந்தவர் போலப் பார்த்தார். பெரிய டீச்சரைப் பற்றி ஊரில் யாரும் நல்ல வார்த்தை சொல்லி நான் கேட்டதில்லை. சிடுமூஞ்சி, சட்டம் பேசுபவர் என்பார்கள். என் தங்கையின் விஷயத்தில் அவர் செய்தது தப்பு என்றுதான் எனக்கும் இப்போது தோன்றுகிறது. ஆனாலும் அந்த வருஷம் முழுக்க என்னைப் பற்றி ஒரு பெரிய மனுஷி கேட்ட ஒரே கேள்வி அதுதான். அதற்காக அவர் எங்கிருந்தாலும் கும்பிடுவேன்.

அப்பா வாடிப்போய் வெளியே வந்ததைப் பார்த்துவிட்டு எங்கள் ஐந்தாம் வகுப்புச் சார் வேப்பமரத்தடிக்கு வந்தார். ஒல்லியான மனுஷர், டயர் செருப்பு, எப்போதும் சட்டைப் பையில் இரண்டு சாக்பீஸ். விஷயத்தைக் கேட்டுவிட்டு ஒரு வழி சொன்னார். ரெஜிஸ்டரில் பெயர் இரண்டாம் வகுப்பிலேயே இருக்கட்டும். தினமும் கணக்கு நேரத்துக்கு மட்டும் குழந்தை ஐந்தாம் வகுப்பில் வந்து உட்காரட்டும். பெரிய டீச்சரிடமும் இரண்டாம் வகுப்பு டீச்சரிடமும் அவரே பேசிக்கொள்வார்.

"யாரு கூட்டிட்டு வாரது, கொண்டுபோய் விடுறது?" என்றார் அப்பா.

"அக்காதான் இருக்காளே. அவ கூட்டிட்டு வரட்டும்."

இரண்டு பேருக்கும் பரம திருப்தி. பெரியவர்கள் எவ்வளவு விவரமானவர்கள் பாருங்கள். பூட்டைச் செய்தார்கள், சாவியையும் செய்தார்கள், சாவியைக் கொண்டுபோய் யார் கையில் கொடுத்தார்கள் பாருங்கள். அம்மாவிடம் சொன்னபோது அம்மாவுக்கும் கண் கலங்கிவிட்டது. அக்கா கையைப் பிடித்துக்கொண்டு தங்கை படிக்கப் போவதாம், எம்புட்டு அழகு என்றாள்.

கார்த்திகை மாதம் அது. மழை விட்டிருந்தது, முற்றத்து மணல் நசநசவென்று இருக்கும். காலை இரண்டாம் மணி அடித்ததும் நான் எழுந்து இரண்டாம் வகுப்பு வாசலுக்குப் போவேன். அவள் எனக்கு முன்பே வாசலில் நிற்பாள், மரச்சட்டம் போட்ட ஸ்லேட்டை மார்போடு அணைத்துக்கொண்டு. என் கையைப் பிடித்துக்கொள்வாள். அவள் கை எப்போதும் ஈரமாக இருக்கும், ஸ்லேட் துடைக்கிற துணியின் ஊளை நாற்றம் அடிக்கும். என் பெஞ்சில் என் பக்கத்தில்தான் உட்காருவாள். கால் தரைக்கு எட்டாது. பெஞ்சுக்கு அடியில் அவள் கால் ஆடும்போது என் முழங்காலில் இடிக்கும். போர்டு எட்டாது என்று சார் ஒரு முக்காலியைப் போட்டு அவளை ஏற்றிவிடுவார். ஏறி நின்று எழுதுவாள். எழுதி முடித்துவிட்டுச் சாரைப் பார்க்கமாட்டாள், என்னைத்தான் பார்ப்பாள்.

அதற்கு முன்னால் எங்கள் வகுப்பில் எனக்கென்று ஓர் இடம் இருந்தது. முதல் மார்க் இல்லை, மூன்றாவதோ நான்காவதோ. ஆனால் நோட்டுகளைச் சேர்த்துச் சார் மேஜையில் வைக்கிற வேலை என்னுடையது. சாக்பீஸ் டப்பா என் பொறுப்பில். ஒரு மாதத்தில் எல்லாரும் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதை விட்டுவிட்டு "பாப்பாவோட அக்கா" என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். சாரே ஒருநாள் அப்படிக் கூப்பிட்டார். வேறு பள்ளிக்கூடத்து வாத்தியார்கள் இரண்டு பேர் வந்து ஜன்னலுக்கு வெளியே நின்று வேடிக்கை பார்த்துவிட்டுப் போனார்கள். எங்கள் எதிர்வீட்டு அத்தை வேறு, "இவ மூளைல ஒரு கரண்டி எடுத்து எம்மகனுக்கு வச்சா என்ன" என்று தெருக் குழாயில் சொல்லிக்கொண்டிருந்தார்.

அரையாண்டுப் பரீட்சைக்கு அவளுக்கும் எங்கள் கணக்குத் தாளைக் கொடுத்தார் சார், சும்மா ஒரு ஆசைக்கு. பொங்கலுக்கு முன்னால் மார்க்கை வாசித்தார். எனக்கு அறுபத்தொன்று. அவளுக்கு நூறு. வகுப்பே கை தட்டியது. நானும் தட்டினேன். என் உள்ளங்கை வலிக்கும் அளவுக்குத் தட்டினேன், என் மனசை யாரும் கண்டுபிடித்துவிடக் கூடாதே என்று.

பொங்கல் லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறந்த முதல் நாள், இரண்டாம் மணி அடித்தது. போனேன். வாசலில் நின்றிருந்தாள், புது ரிப்பன், பொங்கலுக்கு எடுத்த பச்சைப் பாவாடை. கையை நீட்டினாள். நான் பிடிக்கவில்லை.

"சார் இனிமே நீ வர வேணாம்னுட்டாரு."

"ஏங்க்கா?"

"நீ சின்னப் புள்ளயாம். நீ வந்தா மத்தவங்க படிப்புக் கெடுதாம்."

என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். அழுவாள் என்று எதிர்பார்த்தேன், அழவில்லை. ஸ்லேட்டைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தாள், மறுபடி முன்பக்கத்தைப் பார்த்தாள், உள்ளே போய் உட்கார்ந்துவிட்டாள். நான் எங்கள் வகுப்புக்கு வந்து சாரிடம், "பாப்பாவுக்கு வரப் பயமா இருக்காம் சார். பெரிய புள்ளைங்க நடுவுல உக்காரப் புடிக்கலயாம்" என்றேன். திட்டம் போட்டுச் சொன்னதில்லை. நடந்து வருகிற அந்த இருபது அடிக்குள் அது தானாக வாயில் வந்து நின்றது. அன்று வகுப்பில் போர்டில் கணக்குப் போட என்னைக் கூப்பிட்டார் சார். முக்காலியை நானே காலால் தள்ளி ஓரமாக வைத்தேன்.

எப்படிக் கண்டுபிடிக்காமல் போனார்கள் என்று கேட்பீர்கள். நானும் அப்போது தினமும் பயந்துகொண்டுதான் இருந்தேன். ஆனால் எல்லாரும் அவரவர் நல்ல குணத்தால் ஏமாந்தார்கள். சார் குழந்தைகளைக் கட்டாயப்படுத்தாதவர், அதனால் விட்டுவிட்டார். பெரிய டீச்சரிடம் சண்டை போட்டு வாங்கிய அனுமதி, இப்போது குழந்தையே வரமாட்டேன் என்கிறது என்று போய்ச் சொல்ல அவருக்கு வெட்கம். அப்பா இரண்டு மூன்று நாள் கழித்து அவளிடம், "சார் இன்னைக்கு என்னத்தச் சொல்லிக்குடுத்தாரு?" என்று கேட்டார். "ஒண்ணுமில்லப்பா" என்றாள். மறுநாளும் அதே பதில். அவர் ஷிப்ட்டுக்குப் போகிற வழியில் பள்ளிக்கூடத்தில் இறங்கிச் சாரிடம் விசாரித்தார். சார் அவரைத் தனியே கூட்டிப்போய், "புள்ள மெரண்டுருச்சு அண்ணே. நாம அவசரப்பட்டுட்டோம். கொஞ்ச நாள் விட்டுப் புடிப்போம்" என்றிருக்கிறார். அப்பா வீட்டுக்கு வந்து அம்மாவிடம் அதை அப்படியே சொன்னார். இனிமேல் அவளிடம் யாரும் அதைப் பற்றிப் பேச்செடுக்கக் கூடாது, பயம் தெளியட்டும் என்று முடிவாயிற்று.

யாரும் பேச்செடுக்கவில்லை. அவளும் பேச்சைக் குறைத்தாள். சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு உட்கார்ந்திருப்பாள். மாசி பிறந்ததும் காய்ச்சல் வந்தது, விட்டு விட்டு அடித்தது. டாக்டர் கொடுத்த சிவப்பு மருந்து பாட்டிலின் அடிவரை போயும் தணியவில்லை. அப்போதுதான் அம்மா கண்டுபிடித்தாள், இது கண்ணேறு என்று.

"ஏழு வயசுப் புள்ளய முக்காலில ஏத்தி ஊரு முன்னாடி நிக்க வச்சா? அம்புட்டுக் கண்ணும் இவ மேலதான். கணக்கு ஏறி ஏறி மூளைல சூடு புடிச்சிருக்கு, அதுல கண்ணும் பட்டுருச்சு."

உச்சியில் விளக்கெண்ணெய் வைத்தாள், சூடு இறங்க. கண்ணேறு கழிக்க ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சுற்றிப் போடுவதென்று முடிவு செய்தாள். எங்கள் வீட்டில் அதற்கு ஒரு முறை உண்டு. யார் கண் பட்டிருக்கும் என்று சந்தேகமோ, அவர்கள் நடந்துபோன தடத்திலிருந்து காலடி மண் எடுத்துவந்து உப்பு, கடுகு, வரமிளகாயோடு சேர்த்துச் சுற்ற வேண்டும். மண் எடுப்பது அவர்களுக்குத் தெரியக் கூடாது. அம்மா மூன்று பேரைச் சொன்னாள். ஐந்தாம் வகுப்புச் சார், பெரிய டீச்சர், எதிர்வீட்டு அத்தை. எடுத்துவருகிற வேலையை யாரிடம் கொடுத்தாள் என்று நான் சொல்லத் தேவையில்லை.

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் சாருக்குப் பின்னால் பத்தடி தள்ளி நடந்தேன். டயர் செருப்பின் வரி வரியான தடம். குனிந்து ஒரு சிட்டிகை எடுத்து டைமிங் தாளில் போட்டேன். பெரிய டீச்சர் குதிகாலை அழுத்தி நடப்பார், அவர் தடம் குழியாக விழும், எடுப்பது சுலபம். எதிர்வீட்டு அத்தையின் தடம் குழாயடியில் ஈரமாகக் கிடைத்தது. மூன்று பேரின் மண்ணும் தாளில் தனித்தனி நிறமாக இருந்தது. பொட்டலத்தை மடிக்கப் போனேன், கை வரவில்லை. அந்த மூன்று பேரில் ஒருவர் கண்ணும் அவள்மேல் படவில்லை என்று உலகத்திலேயே எனக்கு மட்டும்தான் தெரியும். தப்பான மண்ணைச் சுற்றினால் காய்ச்சல் போகாது. அவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால்?

செருப்பைக் கழற்றினேன். மணலில் வலது காலை அழுத்தி எடுத்தேன். ஐந்து விரலும் தெளிவாக விழுந்த என் சொந்தக் காலடியிலிருந்து ஒரு சிட்டிகை இல்லை, ஒரு பிடியே எடுத்துப் பொட்டலத்தில் போட்டேன்.

ஞாயிறு பொழுது சாயும்போது அம்மா அவளைக் கிழக்கே பார்க்க உட்காரவைத்தாள். காய்ச்சலில் உதடு வெடித்திருந்தது, தலையில் எண்ணெய் வழிந்து காதோரம் பளபளத்தது. அம்மா மூன்று தடவை சுற்றினாள், மூன்று தடவை துப்பச் சொன்னாள். அவள் துப்பும்போதும் என்னைத்தான் பார்த்தாள். அம்மா அடுப்பில் போட்டாள். மிளகாய் படபடவென்று வெடித்தது. நெடி வந்து இருமல் வந்தால் கண் படவில்லை என்று அர்த்தம், நெடி வராவிட்டால் கண் பட்டிருக்கிறது. எங்களில் ஒருவரும் இருமவில்லை. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன் என்பது வேறு விஷயம்.

"பாத்தியா, நெடியே இல்ல. எம்புட்டுக் கண்ணு" என்றாள் அம்மா.

இரண்டு நாளில் காய்ச்சல் நின்றது. சிவப்பு மருந்து அப்போதுதான் வேலை செய்ததோ என்னவோ. ஆனால் அம்மாவை அதற்குப் பிறகு யாராலும் பிடிக்க முடியவில்லை. பத்து வயது முடிகிறவரை இந்தப் பிள்ளையிடம் யாரும் கணக்கு என்று வாயெடுக்கக் கூடாது என்று உத்தரவு போட்டாள். அப்பா மறுபேச்சுப் பேசவில்லை. பெட்டியடியில் இருந்த டைமிங் தாள்களை எடுத்து அஞ்சறைப்பெட்டிக்கு அடியிலும் பருப்பு டின்னுக்குள்ளும் விரித்தாள் அம்மா. பருப்பு தீர்ந்த டின்னைக் கழுவ எடுக்கும்போது என் தங்கை அதற்குள் தலையை விட்டுக்கொண்டு, அடியில் தெரிகிற நேரங்களைப் படித்துக்கொண்டிருந்ததை நான் ஒருமுறை பார்த்தேன். காய்ச்சல் விட்டது எனக்குச் சந்தோஷம். கணக்கு விட்டது அதைவிடச் சந்தோஷம். இரண்டும் ஒரே மனதில்தான் இருந்தன, ஒன்றை ஒன்று இடிக்கவில்லை.

குட்டி சீட்டு எனக்குத் திரும்பக் கிடைத்தது. அப்பா என்னிடம் கணக்குக் கேட்கவில்லை. வேறு எதுவும் கேட்கவில்லை. திருப்பரங்குன்றம் போய்ச் சேரும் வரை சைக்கிள் செயின் சத்தம் மட்டும் கேட்கும். அவர் மோவாய் என் தலைக்கு மேலேதான் இருந்தது.

அவள் அதன் பிறகு கெட்டுப்போய்விடவில்லை. நன்றாகப் படிக்கிற பிள்ளைகளில் ஒருத்தியாக இருந்தாள், அவ்வளவுதான். பி.காம். படித்தாள், வங்கியில் வேலை கிடைத்தது, தேனியில் வீடு கட்டிவிட்டாள். பி.காம். படித்த பெண்கள் எத்தனை லட்சம் பேர். பூஜ்யத்துக்கு அந்தப் பக்கத்தை ஏழு வயதில் தானாகப் பார்த்தவள் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியாது. அப்பா கடைசிக் காலத்தில் படுக்கையில் இருந்தபோது என்னிடம் சொன்னார், "நான்தான் அவசரப்பட்டுப் பாப்பாவக் கெடுத்தேன். மெல்ல விட்டிருந்தா எங்கயோ போயிருப்பா." நான் அவர் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தேன். சொல்லியிருக்கலாம். அந்த மனுஷர் நிம்மதியாகப் போயிருப்பார். சொன்னால் கண்ணு என்று என்னைக் கூப்பிடாமல் போய்விடுவாரோ என்று ஐம்பதை நெருங்கிய கிழவிக்குப் பயம்.

போன மாதம் சொந்தத்தில் ஒரு கல்யாணம். அவள் தேனியிலிருந்து வந்திருந்தாள். பந்தியில் ஒரு சித்தி, "சின்னதுல கணக்குல என்னா போடு போட்ட, ஊரு கண்ணு பட்டுப் போச்சு பாவம்" என்றாள். என் தங்கை சிரித்துக்கொண்டே அப்பளத்தை நொறுக்கினாள். நான் பாயசத்தை இலையிலேயே விட்டுவிட்டு எழுந்தேன்.

சாயங்காலம் அவளை ஏற்றிவிட ஆரப்பாளையம் போனேன். தேனி பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் பிடித்தாள், கிளம்பக் கால் மணி இருந்தது, நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். வெள்ளரிக்காய் விற்கிறவன் ஏறி இறங்கினான். நாற்பத்தெட்டு வருஷத்தை அந்தக் கால் மணியில் சொன்னேன். வாசலில் அவளிடம் சொன்னதை, சாரிடம் சொன்னதை, எல்லாம். அவள் முன் சீட்டின் கம்பியைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"தெரியுங்க்கா" என்றாள்.

"என்னது தெரியும்?"

"மறுநாள் மத்தியானம் தண்ணித் தொட்டிகிட்ட சாரு நின்னாரு. 'பாப்பா, ஒனக்கு எங்க வகுப்புக்கு வரப் பயமா இருக்காமே, அக்கா சொன்னா, நெசமா?'ன்னு கேட்டாரு. நான் ஆமா சார்னேன்."

"ஏன்டி அப்படிச் சொன்ன?"

"இல்லன்னு சொல்லிருந்தா ஒன்னய அடிச்சிருப்பாருல்ல."

கண்டக்டர் டிக்கெட் கட்டோடு ஏறினார். நான் எழுந்திருக்கவில்லை.

"அப்பாகிட்டயாவது சொல்லிருக்கலாம்ல?"

"நீ சொல்லுவன்னு இருந்தேன். இன்னைக்குச் சொல்லுவா, நாளைக்குச் சொல்லுவான்னு பாத்துக்கிட்டே இருந்தேன். அப்புறம் பழகிப்போச்சு."

"வருத்தம் இல்லையா ஒனக்கு?"

"இருக்கு. இல்லாம எப்படி இருக்கும்?" என்றாள். என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "எறங்குக்கா, வண்டி எடுக்கப் போறான். வீட்டுக்குப் போய் போன் போடு."

இறங்கி பிளாட்பாரத்தில் நின்றேன். அவளைக் கெடுத்த பாவி நான் என்று இத்தனை வருஷமும் நெஞ்சில் அடித்துக்கொண்டிருந்தேன். ஆனால் அந்த அடியிலேயே ஒரு சின்னப் பெருமையும் ஒட்டிக்கொண்டிருந்தது என்பதை உங்களிடம் மறைக்கமாட்டேன். வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை, என் சாமர்த்தியத்தால், அவளை நான் ஜெயித்திருக்கிறேன். இப்போது பார்த்தால் என் பொய்யை யாரும் நம்பவே இல்லை. ஏழு வயதுப் பிள்ளை ஆமா சார் என்றது, அதைத்தான் நம்பியிருக்கிறார்கள். அந்த ஒரு ஜெயிப்பும் அவள் கொடுத்தது.

பஸ் பின்வாங்கித் திரும்பியது. ஜன்னலில் இருந்து கை காட்டினாள், சிறுபிள்ளை மாதிரி, கை மறையும்வரை காட்டினாள். நானும் காட்டினேன். நன்றி தோன்றியிருக்க வேண்டும், குறைந்தபட்சம் அழுகையாவது வந்திருக்க வேண்டும். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு அவள்மேல் பொறாமையாக இருந்தது.